செல்லியம்மாவின் மயில்துத்தம்

தமிழ்நாட்டை ஒட்டிய ஆந்திரப் பகுதியான சத்தியவேடு மண்டலத்தில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையின் கம்பெனி பஸ்கள் நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும் ஊர்களில் ஒன்றில் செல்லியம்மா பன்றி வளர்க்கிறாள். பன்றி வளர்ப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. பன்றிக்குப் பெயர் வைப்பதில் கிடையாது.

தாய்ப்பன்றிகள் நான்குக்கும் நாத்தனார்களின் பெயர்களை வைத்திருந்தாள். அவள் புருஷன் கன்னையா முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். மூத்த அக்கா பெயர் கொண்டது ஒரே ஈற்றில் பதினொரு குட்டி போட்டு அத்தனைக்கும் பால் கொடுத்துக் காப்பாற்றியபோது அவனே தான் வேலை செய்யும் கேன்டீனில் போய்ப் பெருமையடித்துக்கொண்டான். குட்டிகளுக்கெல்லாம் ஆபீசர்களின் பதவிகள். தொட்டிக்கு முதலில் வந்து கடைசியாகப் போவது மண்டல வருவாய் அதிகாரி, அதாவது எம்.ஆர்.ஓ. பக்கத்துக் குட்டியின் இடத்தை இடித்து இடித்துத் தனதாக்கிக்கொள்வது சர்வேயர். என்ன நடந்தாலும் படுத்தே கிடப்பது கிராம வருவாய் அதிகாரி, வி.ஆர்.ஓ. நிஜமான ஆபீசர் யாராவது கொட்டகைக்கு வந்துவிட்டால், அன்று முழுக்க அவள் குட்டிகளைப் பெயர் சொல்லாமல் கூப்பிட வேண்டியிருக்கும். அந்த நாட்களில் அவளுக்குத் தலைவலி வரும்.

வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது கூலி வீட்டில். அவளுடைய நைனா இரண்டு கறுப்புப் பன்றிகள் வைத்திருந்தார். அவை காலையில் ஊரைச் சுற்றப் போய், கிடைத்ததைத் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது தாமாகத் திரும்பும். பன்றிக்குத் தீவனம் போடுவது என்று சொன்னால் அவர் சிரித்திருப்பார். செல்லியம்மாவுடையவை வெள்ளைப் பன்றிகள். சர்க்கார் பட்டா கொடுத்த நாற்பது சென்ட் நிலத்தில் சிமென்ட் தரை, தகரக் கூரை, குழாயில் தண்ணீர், கோடையில் மின்விசிறி. “எங்க நைனாவுக்கு இந்த சொகம் கெடைக்கல, நீங்க நல்லா கீறீங்க” என்று தாய்ப்பன்றிகளிடம் சொல்லிவிட்டுத்தான் விசிறியைப் போடுவாள்.

கன்னையா ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனிக் கேன்டீனில் பாத்திரம் பார்க்கும் வேலையில் இருந்தான். மிச்சச் சோறும் சாம்பாரும் டிரம்மில் வரும். அது பெரிய பன்றிகளுக்கு. கொதிக்க வைத்துத்தான் ஊற்றுவாள். சாம்பாரில் காரம் தூக்கலாக இருந்த மறுநாள் பன்றிகள் கன்னையாவைப் பார்க்கும் பார்வை வேறு மாதிரி இருக்கும் என்பாள்.

அந்த நாற்பது சென்ட்டுக்கு மேற்கே செங்கல்வராயனின் மாந்தோப்பு. ஊரில் நாலைந்து தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். வைகாசியில் வரும் கங்கம்மா ஜாத்திரையில் அம்மனுக்கு வெட்டும் முதல் கடா அவர் வீட்டுடையதுதான். அவர் செல்லியம்மாவிடம் சண்டை போடமாட்டார். அவளிடம் பேசவேண்டியிருந்தால் அவளுக்குப் பின்னாலிருக்கும் வேப்பமரத்தைப் பார்த்துப் பேசுவார். தை மாதத்தில் அந்த வேப்பமரத்தைப் பார்த்து அவர் சொன்னது, பன்றி நாற்றத்தில் தோப்பில் நிற்க முடியவில்லை, பஞ்சாயத்தில் மனு கொடுத்துவிட்டேன் என்பது.

மனு வேலை செய்தது. பஞ்சாயத்துச் செயலாளர் சுதீர் என்ற பையன் வந்து, ஜாத்திரை கழிந்ததும் இடத்தை நேரில் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். முடிவு அவளுக்கு எதிராகப் போனால் கொட்டகையைப் பிரித்து ஏரிக்கரைக்கு அப்பால் உள்ள புறம்போக்கில் போட வேண்டும். அங்கே தண்ணீர் கிடையாது, கரண்ட் கிடையாது. நாய்களுக்கு மட்டும் குறைவில்லை. குட்டி போடும் பன்றியை வைத்துக்கொண்டு அங்கே ஒரு மாதம் தாங்க முடியாது. கொட்டகை போனால் தொழில் போயிற்று. அதற்கப்புறம் அவளும் கம்பெனி பஸ்ஸில் ஏறித் தரை துடைக்கப் போகவேண்டியதுதான். தரை துடைப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. யாருக்காவது அடங்கிப் பேசவேண்டும் என்பதில்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது.

ஒவ்வொரு ஈற்றிலும் இதே கதைதான். தாயிடம் பால் குடிக்கும்வரை குட்டிகள் உருண்டையாக இருக்கும். பால் மறக்கடித்துத் தனி அறையில் விட்டுச் சோள மாவும் தவிடும் வைத்த வாரமே வயிறு போகும். வால் நனைந்து, முதுகெலும்பு தெரிந்து, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்கும். பாதி பிழைக்கும். பிழைத்ததும் வளராமல் சுண்டிப்போகும். மாசி மாதத்து ஈற்றில் ஜாயின்ட் கலெக்டரும் இரண்டு தாசில்தார்களும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். குழி வெட்டிய கன்னையா, இதற்குமேல் ஒரு ஆபீசரைப் புதைக்கத் தன்னால் ஆகாது என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டான்.

மண்டலத்துக் கால்நடை டாக்டர் பிரமிளா, சித்தூர்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். அவர்தான் செல்லியம்மாவை முன்பு திருப்பதி கால்நடைக் கல்லூரியில் பன்றி வளர்ப்புப் பயிற்சிக்கு அனுப்பியவர். இப்போது வந்து குட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். தாய்ப்பால் நின்றதும் குட்டியின் வயிறு எதைச் செரிப்பது என்று தெரியாமல் தடுமாறும், அந்த நேரத்தில் கெட்ட கிருமிகளுக்கு உள்ளே கல்யாணம் நடக்கும் என்றார். தீவனத்தில் கொஞ்சம் செம்பு சேர்த்தால் அந்தக் கல்யாணம் நிற்கும், குட்டி தேறும், வளரவும் வளரும்.

கன்னையா உடனே, திருப்பதியில் விற்கிற செம்புக் குடம் ஒன்று வாங்கித் தண்ணீர் வைத்துவிடலாமா, பெரிய மனுஷர்களெல்லாம் அதில்தானே குடிக்கிறார்கள் என்று கேட்டான். டாக்டர் சிரிக்காமல், பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நீல நிறத்தில் கற்கண்டு போல இருந்தது.

“ஐயே, இது மயில்துத்தம்” என்றாள் செல்லியம்மா. “மேக்கால தோப்புக்காரரு மாமரத்துக்குச் சுண்ணாம்போட கலந்து அடிப்பாரே, அது. இத்தப் போய் குட்டி துன்னுமா?”

தின்னும், ஆனால் அளவாகத் தின்ன வேண்டும் என்றார் டாக்டர். தீவனத்துக்கென்று சுத்தமாகத் தயாரித்தது திருப்பதியில் கிடைக்கும், அதைத்தான் வாங்க வேண்டும். நூறு கிலோ தீவனத்துக்கு அறுபது கிராம். நைஸாகப் பொடித்து, முதலில் ஒரு சொம்பு மாவில் கலந்து, அதை ஒரு முறம் மாவில் கலந்து, அப்புறம்தான் மொத்தக் குவியலில் கொட்டிப் புரட்ட வேண்டும். பால் மறந்த குட்டிக்கு மட்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு. பெரிய பன்றிக்குப் போட்டால் பணமும் வீண், சாணத்தோடு போய் மண்ணும் கெடும்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்தத் தீவனம் செம்மறி ஆட்டுப் பக்கம் போகவே கூடாது. பன்றி மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். செம்மறியின் ஈரல் தள்ளாது. சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் மொத்தமாக உடைத்துவிடும்.

“எங்கூட்டாண்ட ஆடு ஏதும்மா?” என்றாள் செல்லியம்மா. “ஆடு வெச்சிகினு கீறவங்க எங்க பக்கம் மூக்கக்கூட அனுப்பமாட்டாங்க.”

அறுபது கிராமைத் தராசில் நிறுத்துக் கையில் வைத்துப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நூறு கிலோ மாவுக்கு இவ்வளவுதானா? கன்னையா எட்டிப் பார்த்து, பன்றிக்குப் பொட்டு வைக்கப் போகிறாயா என்றான். அந்தக் கேலிதான் கெடுத்தது. டாக்டரம்மா படித்தவர், பயந்து குறைத்துச் சொல்லியிருப்பார், கொஞ்சம் கூடப் போட்டால் குட்டி கொஞ்சம் கூட வளரும் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்து, மூட்டைக்கு ஒரு கைப்பிடி வீதம் அள்ளிப் போட்டார்கள்.

குட்டிகள் இரண்டு வாய் தின்றன. பிறகு வரிசையாக நின்று வாந்தி எடுத்தன. நீலமும் பச்சையுமாக வந்தது. எதற்கும் எழுந்திராத வி.ஆர்.ஓ. கூட எழுந்து வந்து வாந்தி எடுத்துவிட்டுப் போய்ப் படுத்தது. செல்லியம்மா மூட்டைகளைக் குழியில் கொட்டி மூடினாள். டாக்டர் பிரமிளாவுக்குப் போன் செய்து, ஏதோ கை தவறிவிட்டது என்று சொல்லப் பார்த்தாள். இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் தவறுமா என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். அதற்குமேல் கேட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை பொட்டு அளவுதான் போட்டாள். சொம்பு, முறம், குவியல். சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, பழவேற்காட்டுக் கருவாட்டுத் தூள், உப்பு. முகத்தில் மாவு பூசிக்கொண்டு அவள் புரட்டுவதைப் பார்த்தால் தெருக்கூத்துக்கு வேஷம் போடுகிறாள் என்று நினைக்கத் தோன்றும். வாரம் திரும்புவதற்குள் கழிச்சல் நின்றது. சாணம் கெட்டிப்பட்டு மை போலக் கறுத்தது. அந்தக் கறுப்பு செம்பால் வருவது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்லியம்மாவுக்குப் பயம் எங்கே வந்தது? வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ச் சாணத்தைக் காட்டினாள். பங்குனி முடியும்போது குட்டிகள் தோளும் தொடையுமாகத் திரண்டு, எம்.ஆர்.ஓ. தொட்டிக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு தின்னும் அளவுக்குத் தைரியம் பெற்றிருந்தது.

செங்கல்வராயன் நாற்றத்தைப் பார்வையிட வருவதும் அப்போதுதான் அதிகமானது.

முன்பெல்லாம் வாரம் ஒருமுறை வேலி ஓரம் வருவார். துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, வேப்பமரத்திடம் இரண்டு வார்த்தை கண்டித்துவிட்டுப் போவார். பங்குனியில் தினமும் வந்தார். வந்தவர் சீக்கிரம் போவதில்லை. துண்டு மூக்கில் இருக்க, கண்கள் குட்டிகள் மேலேயே இருந்தன. ஒருநாள் வேப்பமரத்திடம், அதுங்களுக்கு அப்படி என்னதான் போடுகிறார்கள் என்று கேட்டார். வேப்பமரம் சார்பில் செல்லியம்மா, சோளமும் தவிடும் என்றாள். மயில்துத்தம் என்று சொன்னால் விஷம் வைத்து வளர்க்கிறாள் என்று அதற்கும் ஒரு மனு போடுவார் என்று நினைத்தாள்.

தீவன டிரம் சீக்கிரம் காலியாகத் தொடங்கியது. முதலில் எலியைச் சந்தேகப்பட்டாள். பிறகு கன்னையாவை. அவன் தன் அம்மா சத்தியமாக இல்லை என்றான். அவன் அம்மா மேல் அவளுக்கு மரியாதை இல்லாததால் அந்தச் சத்தியத்தை ஏற்கவில்லை. விடிந்தும் விடியாத ஒரு காலையில் குழாயைத் திறக்கப் போனவள், தகரத்துக்குப் பின்னால் ஆள் அரவம் கேட்டு நின்றாள்.

செங்கல்வராயன் டிரம் பக்கத்தில் குனிந்திருந்தார். இரண்டு கையாலும் தீவனத்தை அள்ளி விரித்த துண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முதலில் கவனித்தது அவருடைய மூக்கை. துண்டு தரையில் இருந்ததால் மூக்கு திறந்து கிடந்தது. எந்தக் கஷ்டமும் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கூப்பிடவில்லை. அவள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத குடும்பத்துப் பெரிய மனுஷர், அவள் வீட்டுப் பன்றித் தீவனத்தைத் துண்டில் முடிந்துகொண்டு வேலி ஓட்டையில் குனிந்து போவதை நின்று பார்த்தாள். வீட்டுக்குள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கன்னையாவை எழுப்பிச் சொன்னபோது, இப்போதே போய்ப் பிடிக்கலாம் என்று அவன் லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

“உக்காரு” என்றாள். “சுதீர் சார் வர்ற அன்னிக்கு, ஊரே நிக்கும்போது, அந்தத் துண்ட மோந்து பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் துன்னட்டும் அவரு மாடு.”

அவர் வீட்டில் கறவை எருமை இரண்டு இருந்தன. அவற்றுக்குத்தான் போகிறது என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். எங்கே போகிறது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ரகசியம் உடையும். அப்படி ஒரு ஆயுதம் கையில் இருப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. டிரம்மில் அவர் கைக்கு எட்டும் உயரத்துக்குத் தீவனம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

வைகாசி பிறந்தது. ஜாத்திரைக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து செங்கல்வராயன் வீட்டுக் கடாவுக்குத் தினமும் மஞ்சள் பூசி, முந்தின நாள் மாலை போட்டு, மேளத்தோடு தெருத் தெருவாகக் கூட்டி வருவது வழக்கம். அந்த வருடத்துக் கடாவைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. செம்மறிக் கடா. முதுகில் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு அகலம். இரண்டு பேர் பிடித்து நடத்தினார்கள். வெயில். மேளம். கங்கம்மா கோவில் முனையில் அது நின்றது. காலை அகட்டி மூத்திரம் பெய்தது. காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. பிறகு முன்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

மேளம் நின்றதைக் கேட்டுத்தான் செல்லியம்மா வெளியே வந்தாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தபோது கூட்டத்தின் நடுவே மஞ்சளாக ஒரு மலை தெரிந்தது. மலைக்குக் கொம்பு இருந்தது. துண்டில் போன தீவனம் இதற்குத்தான் போயிருக்கிறது. எருமை இல்லை. எருமைக்கு இல்லை.

அன்றைக்கு மண்டல ஆபீசில் இருந்த டாக்டர் பிரமிளா அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். கடாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். மஞ்சள். வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். மஞ்சள். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரமாகத் தினமும் தலையிலிருந்து வால்வரை மஞ்சள் பூசப்பட்ட ஆட்டுக்கு மஞ்சள் காமாலை வந்ததை யார் கண்டுபிடிப்பது?

என்ன தின்றது என்று டாக்டர் செங்கல்வராயனிடம் கேட்டார். கடலைக்கொடி, அகத்தி, பச்சைப்புல் என்றார் அவர். வேறு? வேறு ஒன்றுமில்லை. டாக்டர் மறுபடி கேட்டார். செங்கல்வராயன் குரலை உயர்த்தி, இது தீனியால் வந்ததில்லை, அந்தக் கொட்டகைக் காற்றால் வந்தது, பன்றி நோய் அம்மன் ஆட்டுக்கு ஒட்டிக்கொண்டது, இதற்காகத்தான் தை மாதத்திலேயே மனு கொடுத்தேன் என்றார். கூட்டம் திரும்பிச் செல்லியம்மாவைப் பார்த்தது. அம்மன் ஆடு விழுந்த ஊரில் பன்றிக் கொட்டகை நிற்பதா என்று ஒரு குரல் வந்தது. இதற்கு சுதீர் எதற்கு, நாமே பிரித்துப் போடலாம் என்று இன்னொன்று.

செல்லியம்மாவின் கையில் ஆயுதம் தயாராகத்தான் இருந்தது. துண்டும் அங்கேயே அவர் தோளில் கிடந்தது. ஆனால் திருடினாய் என்றால் இல்லை என்பார். ஊர் அவர் பேச்சை நம்பும். நம்பாவிட்டாலும் நம்பியதாகச் சொல்லும். சொல்லாமல் இருந்தால் ஆடு சாகும், பழி கொட்டகை மேல் விழும். இரண்டு பக்கமும் கொட்டகை போகிற கணக்காகவே வந்தது. ஆடு வேறு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவள் கையால் கலந்ததைத் தின்ற ஆடு.

“டாக்டரம்மா” என்றாள். “எங்க குட்டித் தீவனத்த செம்மறி துன்னா இப்பிடித்தான் ஆவும்னு சொன்னீங்களே. அதுவா இது?”

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். “இது அதைத் தின்னுச்சா?”

“உங்க தீவனத்துல அப்பிடி இன்னா கீது?” என்றார் செங்கல்வராயன். முதல் தடவையாக வேப்பமரத்தைத் தேடாமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“மயில்துத்தம், ஐயா.”

“மயில்துத்தமா? அடிப்பாவி, அத்த மின்னாடியே என்னாண்ட சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அது காதில் விழுந்தது. ஊருக்கும் விழுந்தது. பன்றித் தீவனத்தில் என்ன இருக்கிறது என்பதை இவரிடம் ஏன் முன்னாடியே சொல்லவேண்டும்? மேளக்காரன் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வசதியாக நின்றான். செங்கல்வராயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தவிட்டுத் தூள் மீசையில் ஒட்டியது.

இதற்காகத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இவர் ஏரிக்கரை வரை மட்டுமில்லை, தமிழ்நாட்டு எல்லை தாண்டும்வரை தன்னைத் துரத்துவார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. அவமானப்பட்ட பெரிய மனுஷர் பக்கத்துத் தோப்பில் இருப்பதைவிடக் கடன்பட்ட பெரிய மனுஷர் இருப்பது நல்லது.

“ஆடு வேலி தாண்டி வந்து டிரம்முல தலைய உட்டுச்சுங்க, டாக்டரம்மா” என்றாள். “நானே பாத்தேன். தெனம் வரும். ஆட்டாண்ட சொல்லாம போனது என் தப்புதான்.”

மாதக்கணக்கில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்த கடா அது. வேலி தாண்டுவது இருக்கட்டும், வாசற்படி தாண்டுவதற்கே இரண்டு ஆள் தள்ளவேண்டும். ஊருக்கு இது தெரியும். எல்லோரும் கடாவைப் பார்த்தார்கள், பிறகு செங்கல்வராயனைப் பார்த்தார்கள்.

“ஆமா” என்றார் அவர் மெதுவாக. “தாண்டும். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு.”

“எவ்வளவு தின்னுச்சு?” என்றார் டாக்டர்.

செங்கல்வராயன் துண்டைப் பார்த்தார். “தெனம் ஒரு… இந்த அளவுக்குத் துன்னிருக்கும்” என்று கையைக் குவித்துக் காட்டினார்.

அதற்குமேல் டாக்டர் எதுவும் விசாரிக்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. திருப்பதிக்குப் போன் போட்டு, ஈரலில் சேர்ந்த செம்பைப் பிடித்து வெளியே இழுக்கிற உப்பு மருந்தைச் சாயங்கால பஸ்ஸில் வரவழைத்தார். குளுக்கோஸ் ஏற்றினார். பெரும்பாலும் பிழைக்காது, ஆனால் காரணம் சீக்கிரம் தெரிந்ததால் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றார். மருந்து பல நாள் கொடுக்கவேண்டும். பிழைத்தாலும் இதை இந்த வருடம் வெட்டக் கூடாது, கறி ஆகாது, ஈரலைத் தொடவே கூடாது.

இதைக் கேட்டதும்தான் ஊருக்கு உண்மையான துக்கம் வந்தது. அம்மனுக்கு நேர்ந்ததை எப்படி நிறுத்துவது என்று வாதம் நடந்தது. கன்னையா கூட்டத்தின் பின்னாலிருந்து, அம்மனுக்கு ஒன்றும் ஆகாது, அவள் எந்த வருடம் ஈரல் கேட்டாள், கேட்பது நாம்தானே என்றான். பூசாரி அவனை முறைத்தார். ஆனாலும் கடைசியில் அம்மனுக்கு ஏழு சேவல் என்று முடிவாயிற்று. சேவல் வாங்கியது செங்கல்வராயன்.

கடா ஜாத்திரை முடியும்வரை சாவதா இருப்பதா என்று யோசித்துவிட்டு, இருப்பது என்று முடிவு செய்தது. மெலிந்துபோய், கண்ணில் வெள்ளை திரும்பி, கொட்டிலில் எழுந்து நின்றது.

ஜாத்திரை கழிந்த வாரம் சுதீர் பைக்கில் வந்து இறங்கினான். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்றம் எதுவரை வருகிறது என்று மனுதாரரையே காட்டச் சொன்னான். செங்கல்வராயன் தோப்பில் ஒரு மாமரத்தடியில் போய் நின்று மூச்சை இழுத்தார். இன்னொரு மரத்தடியில் போய் இழுத்தார். செல்லியம்மா வேலிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாக, அவர் தோளில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காத்து இன்னிக்கு வேற பக்கம் அடிக்குது” என்றார் செங்கல்வராயன்.

நாளைக்கு வரட்டுமா என்றான் சுதீர்.

“நாளைக்கும் அந்தப் பக்கந்தான் அடிக்கும்.” தன் பெருமைக்காக இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். சாணக் குழி மட்டும் வேலியை ஒட்டி இருக்கிறது, அதை அந்தக் கோடிக்கு மாற்றட்டும். செல்லியம்மா சரி என்றாள். சுதீர் அதை எழுதிக்கொண்டான். கொட்டகை நின்ற இடத்திலேயே நிற்கலாம். பைக்கில் ஏறும்போது அவன் குட்டிகளை எட்டிப் பார்த்து, தொட்டிக்குள் கால் வைத்திருக்கும் அதற்குப் பெயர் உண்டா என்று கேட்டான். அதெல்லாம் பெயர் வைக்கிற வழக்கமில்லை சார் என்றாள் அவள்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மெலிந்துபோன கடாவுக்கு இப்போது வேலி தாண்ட முடிந்தது. ஆடி மாதம் ஒரு காலையில் தடதடவென்று சத்தம் கேட்டு செல்லியம்மா ஓடிவந்தபோது, அது டிரம் மூடியைக் கொம்பால் இடித்துக்கொண்டிருந்தது. ஊரறியச் சொன்ன பொய் நான்கு காலில் வந்து நின்றது. அவள் காதைப் பிடித்து இழுத்தாள். அது நகரவில்லை. அன்றே டிரம்முக்குப் பூட்டு வாங்கினாள். செங்கல்வராயனின் கைக்குப் போடாத பூட்டு.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அவள் வேலி ஓரம் நின்று, “ஐயா, உங்க ஊட்டு சாமி வந்துகீது” என்று குரல் கொடுப்பாள். செங்கல்வராயன் கயிற்றோடு வருவார். பன்றிக் கொட்டகைக்குள் அவர் இப்போது எல்லோரும் பார்க்க வரலாம், காரணம் இருந்தது. துண்டு தோளிலேயே கிடக்கும்.

ஒருநாள் கயிற்றைக் கட்டி முடித்த பிறகும் அவர் போகவில்லை. எம்.ஆர்.ஓ.வை ஒருமுறை பார்த்தார், கடாவின் விலா எலும்பை ஒருமுறை பார்த்தார். வேப்பமரத்தையும் பார்த்தார், ஆனால் பேசியது அவளிடம்.

“அந்த மயில்துத்தம் இல்லாம, மத்ததெல்லாம் அதே மாதிரி, ஒரு மூட்ட கலந்து குடுப்பியா? அடுத்த வருஷத்துக்கு இத்தத் தேத்தணும்.”

செல்லியம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“குடுக்கலாம், ஐயா. மூட்டையா போடட்டுமா, துண்டுல கட்டட்டுமா?”

செங்கல்வராயன் சுற்றும் முற்றும் பார்த்தார். கன்னையா பஸ் ஏறிப் போயிருந்தான். குட்டிகளும் கடாவும்தான் இருந்தன.

“மூட்டையாவே போடு” என்றார்.